சொட்டு எண்ணிக் கலக்கும் வேலை

கோயம்புத்தூரில் பெண்களுக்கான மசாஜ் மையம் ஒன்றில் தெரபிஸ்டாக இருக்கிறேன். செடிகளிலிருந்து எடுக்கும் வாசனை எண்ணெயைச் சாதாரண எண்ணெயில் சில சொட்டு கலந்து தேய்ப்பதுதான் வேலை. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள், நாளெல்லாம் நின்று பாடம் எடுக்கும் டீச்சர்கள், பேரப்பிள்ளைகளைத் தூக்கித் தோள் இறுகிப்போன பாட்டிமார்கள் என்று எல்லோரும் வருவார்கள். வந்ததும் "இன்னைக்கு என்ன ஆயில்?" என்பார்கள். எந்த பாட்டிலையும் திறப்பதற்கு முன் நான் கேட்பது, "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

ஊட்டிக் கடைகளில் நீலகிரித் தைலத்துக்குப் பக்கத்திலேயே விண்டர்கிரீன் தைலமும் இருக்கும். மூட்டுவலிக்கு என்று வாங்கி வருவார்கள். அது கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட்தான், ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவு. தோல் வழியாக ரத்தத்துக்குள் போகும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு இதைத் தேய்த்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். இதய வால்வு மாற்றிய ஒரு பெரியம்மா அந்த பாட்டிலோடு வந்து முழங்காலில் தேய்த்துவிடச் சொன்னார். மாட்டேன் என்றேன். "மேல தேய்க்கறதுதானே கண்ணு, உள்ளுக்கா குடிக்கப் போறேன்?" என்றார். ரத்தத்தில் கலக்கும் விஷயத்தைச் சொல்லிப் புரியவைத்து, வெதுவெதுப்பான நல்லெண்ணெய் மட்டும் போட்டு மெல்லத் தேய்த்தேன். போகும்போது அடுத்த வாரத்துக்கும் நேரம் குறித்துக்கொண்டார். கர்ப்பம், வலிப்பு, ஆஸ்துமா, தோல் அலர்ஜி எல்லாம் இதே மாதிரி முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை.

வாசனையை நான் தேர்ந்தெடுப்பதில்லை. மன இறுக்கம் என்றாலே லாவெண்டர் என்று எங்கும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் லாவெண்டர் பிடிக்காதவரை அதிலேயே முக்கால் மணி நேரம் படுக்கவைத்தால் அவர் எப்படி இளகுவார்? யூகலிப்டஸ் மணம் ஒருவருக்கு மலைக்காற்று, இன்னொருவருக்குக் காய்ச்சலில் படுத்த ஞாபகம். அதனால் மூன்று நான்கு காகிதத் துண்டுகளில் ஒவ்வொரு சொட்டு வைத்து முகரக் கொடுப்பேன். நம் ஊர்ப் பெண்கள் பலர் கடைசியில் வெட்டிவேரிடம் வந்து நிற்பார்கள். கடலூர்ப் பக்கத்து மணல் நிலத்தில் விளைகிற வேர் அது. அதன் எண்ணெய் தேன் போலக் கெட்டியாக இருக்கும், மெதுவாகத்தான் ஆவியாகும். மசாஜ் முடிந்தும் வெகுநேரம் உடம்பில் நிற்கும்.

இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்றும் கேட்பார்கள். கொஞ்ச நேரத்துக்குப் பதற்றம் குறைவதாகச் சில ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஆனால் வாசனையை மறைத்துவைத்துச் சோதிப்பது கடினம், எண்ணெயின் பங்கு எது, கையின் பங்கு எது என்று பிரிப்பதும் கடினம். என்னைக் கேட்டால் கைக்கும், போன் அணைந்து கிடக்கும் அந்த நேரத்துக்கும்தான் பெரிய பங்கு. பிடித்த மணம் கிடைத்தால் மூச்சு சீக்கிரமே நிதானமாகிறது. அந்த உதவி எனக்குப் போதும். நோய் தீரும் என்று யாருக்கும் நான் சொல்வதில்லை.

அளவு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கோ பாதாம் எண்ணெய்க்கோ 6 சொட்டு வாசனை எண்ணெய் கலந்தால் ஏறக்குறைய 1 சதவீதம், 12 சொட்டு என்றால் 2 சதவீதம். வயதானவர்களுக்கு 1 சதவீதத்தைத் தாண்ட மாட்டேன். "ஸ்ட்ராங்கா போடுங்க" என்று கேட்டாலும் சொட்டைக் கூட்ட மாட்டேன், வேண்டுமானால் அழுத்தத்தைக் கூட்டுகிறேன். செக்கில் பிழிந்த மாதிரி பழத்தோலிலிருந்து பிழிந்து எடுக்கிற பெர்கமோட் (ஆரஞ்சு வகைப் பழம்), எலுமிச்சை எண்ணெய்களைப் பகலில் போடுவதே இல்லை. அதைப் பூசிக்கொண்டு ஸ்கூட்டியில் வெயிலில் போனால் தோல் வெந்து கருத்துவிடக்கூடும்.

வாடிக்கையாளரைப் பற்றி இவ்வளவு யோசிக்கிற இந்தத் தொழிலில் தேய்க்கிற கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர் உடம்பில் மாதம் ஒருமுறை படும் எண்ணெய் எங்கள் கையில் நாள் முழுக்கப் படுகிறது. நான் முன்பு வேலை செய்த இடத்தில் பாட்டில்கள் ஜன்னலோரம் வெயிலில் இருக்கும், மூடி சரியாக இருக்காது, கலப்பதும் கண்ணளவுதான். காற்றும் வெளிச்சமும் பட்டால் ஆரஞ்சு எண்ணெயில் உள்ள லிமோனீன், லாவெண்டரில் உள்ள லினலூல் எல்லாம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து தோலுக்கு ஒவ்வாத பொருளாக மாறும். அங்கே என்னோடு இருந்த அக்காவுக்கு விரலிடுக்கில் அரிப்பு வந்து, அப்புறம் வெடிப்பாகி, சாம்பார் பிசைந்து சாப்பிடக்கூட முடியாமல் போனது. சோப்பை மாற்று என்றுதான் மேலிடத்தில் சொன்னார்கள். ஒருமுறை தோல் ஒரு பொருளை எதிரியாக எடுத்துக்கொண்டால் வாழ்நாள் முழுக்க அப்படித்தான். அவர் இந்த வேலையையே விட்டுவிட்டார். நல்ல கை அவருக்கு. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது இருக்கும் இடத்தில் பழுப்பு நிற பாட்டில்தான், திறந்த தேதி எழுதி ஒட்டுகிறோம், சிட்ரஸ் எண்ணெய்களை ஃப்ரிட்ஜில் வைக்கிறோம். வாரத்தில் ஒரு நாள் வாசனை கலக்காத வெறும் எண்ணெயில் மட்டும் செய்வது என்று நிர்வாகத்திடம் பேசி வாங்கியிருக்கிறோம். புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குக் கை பழகுவதற்கு முன்பே சொட்டு எண்ணவும், மாத்திரை கேட்கவும் சொல்லிக்கொடுக்கிறேன்.