மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பேச்சு

"ராத்திரி பத்து மணிக்கு வரும் ஆபீஸ் மெசேஜுக்கு உடனே பதில் போடுகிறவர்கள் கை தூக்குங்கள்" என்றார் பேச வந்தவர். கிட்டத்தட்ட எல்லாக் கையும் மேலே போனது.

பக்கத்து நாற்காலிப் பெண் தட்டுக்கு அருகில் போனைக் கவிழ்த்து வைத்திருந்தார். அது அதிரும்போதெல்லாம் கவளம் பாதி வழியில் நிற்கும், இடது கையால் எடுத்துப் பார்ப்பார், மறுபடி கவிழ்ப்பார்.

பேச்சு 'பர்ன் அவுட்' பற்றியது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அதை நோய் என்று சொல்லவில்லை, வேலையிடத்தில் தீர்க்காமல் விட்ட நீண்டகால அழுத்தத்தால் வருவது என்றுதான் வகைப்படுத்தியது. சக்தி வற்றிப்போவது, வேலைமேல் வெறுப்பும் விலகலும், முன்புபோல் வேலையைச் செய்ய முடியாமல் போவது, இவை மூன்றும் அடையாளங்கள். இரண்டாவதைச் சொன்னபோது அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதன்பிறகு போன் அதிர்ந்தும் தொடவில்லை.

வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து, 35-40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சொன்னதும் பேச்சில் வந்தது.

அழுத்தத்தைக் குறைக்க மூச்சுப்பயிற்சி நல்லதுதான், செய்வோம். ஆனால் காரணம் வேலையிடத்தில் இருக்கும்போது அங்கே வேலையைப் பங்கிடுகிறவர்கள்தானே முதலில் இந்தப் பேச்சைக் கேட்க வேண்டும்?

முடிந்ததும் ஏற்பாட்டாளரிடம் அதையே சொன்னேன், அடுத்த முறை மேலாளர்களையும் கூப்பிடுகிறோம் என்றார். உங்கள் ஆபீஸில் இப்படி ஒரு பேச்சு நடந்தால் உங்கள் மேலாளரையும் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள்.