கடைசி வண்டிக்காரியின் குளிர்காலக் கணக்கு

எங்கள் தில்லித் தமிழ் பைக் குரூப்பில் கடைசி வண்டி என்னுடையது. ஸ்வீப் என்பார்கள். யாராவது பின்தங்கினால் கூடவே வர, பஞ்சரானால் நிற்க, விழுந்தால் தூக்கிவிட ஒரு ஆள் வேண்டும். ஐம்பதை நெருங்குகிற, மத்திய அரசு அலுவலகத்தில் தணிக்கை பார்க்கிற அக்காவுக்கு அதுதான் சரி என்று பையன்களே முடிவு செய்துவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை. முன்னால் போகிறவனுக்கு மலை தெரியும். எனக்கு எல்லோருடைய முதுகும் தெரியும். யார் பயந்திருக்கிறான், யார் பயத்தை மறைக்க வேகமாகப் போகிறான் என்பதெல்லாம் தோளைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

டிசம்பர் வந்தால் வாட்ஸ்அப்பில் அதே கேள்வி வரும். "அக்கா, ஸ்னோ பார்க்கப் போலாமா? நார்கண்டா?" கேட்பது பெரும்பாலும் குருகிராமிலும் நொய்டாவிலும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பிகள். தூத்துக்குடியிலும் தாம்பரத்திலும் வண்டி ஓட்டிப் பழகியவர்கள். மழையில் ஓட்டுவார்கள், மணலில் ஓட்டுவார்கள், ஆடிக் காற்றிலும் ஓட்டுவார்கள். உறைந்த ரோட்டை மட்டும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டைப் செய்து கை வலிக்கிறது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். வெள்ளையாகக் குவிந்திருக்கும் பனியைப் பார்த்து எல்லோரும் தானாகவே மெதுவாகப் போவார்கள். ஆளைத் தள்ளுவது அது இல்லை. ஈரமான தார் ரோடு மாதிரி கறுப்பாகத் தெரியும் மெல்லிய ஐஸ்தான் தள்ளும். சிம்லா தாண்டி கூஃப்ரி, ஃபாகு, தியோக், மத்தியானா வழியாக நார்கண்டா போகும் ரோட்டில் இதற்கு இடமே தனியாக உண்டு. ஒரு பக்கம் செங்குத்தான மலை, மேலே தேவதாரு மரங்கள், நாள் முழுக்க வெயில் படாத வளைவு. பகலில் மேலே பனி உருகித் தண்ணீர் ரோட்டின் குறுக்கே ஓடும். சூரியன் இறங்கியதும் அது அப்படியே உறையும். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு வளைவில் முகத்தில் வெயில் அடிக்கும், அடுத்த வளைவில் ஐஸ். பாலங்களும் அப்படித்தான். மேலும் கீழும் குளிர்காற்று படுவதால் மற்ற ரோட்டுக்கு முன்பே பாலம் உறைந்துவிடும். போனில் வெப்பநிலை 3 டிகிரி என்று காட்டுகிறதே என்று நம்பாதீர்கள். அது காற்றின் கணக்கு. நிழலில் கிடக்கும் தாரின் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கலாம். போதாததற்கு, பூஜ்யத்தை ஒட்டியிருக்கும் ஐஸின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். கடுங்குளிரில் இறுகிக் கிடக்கும் ஐஸைவிட அது இன்னும் வழுக்கும்.

தேதி குறிப்பதிலும் பையன்கள் ஏமாறுவார்கள். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் 'மேற்கத்திய இடையூறு' என்கிற காற்றழுத்தச் சுழல்தான் நம் மலைகளில் குளிர்காலப் பனியைக் கொட்டுகிறது. அது கடந்து போனதும் வானம் பளிச்சென்று ஆகிவிடும். "அக்கா, வெதர் கிளியர், கிளம்பலாம்" என்று மெசேஜ் வருவது அன்றைக்குத்தான். ஆனால் மேகமில்லாத இரவில் தரையின் வெப்பம் தடையில்லாமல் மேலே போய்விடும். ரோடு கூடுதலாகக் குளிரும். அன்று பகலில் உருகிய தண்ணீரும் ரோட்டில் நிறைய இருக்கும். ஆக, பனி பெய்கிற நாளைவிட, பெய்து முடிந்து வானம் வெளுத்த மறுநாள் காலைதான் எனக்குப் பயம். உள்ளூர் டீக்கடைக்காரர் "ஆகே பாலா ஜமா ஹை, பெஹன்ஜி" (முன்னால் ரோடு உறைந்து கிடக்கிறது, அக்கா) என்றால் அங்கேயே உட்கார்ந்து இன்னொரு டீ சொல்லிவிடுவேன். பதினொரு மணி ஆகட்டும்.

இனி கணக்கு. உலர்ந்த ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, பிரேக் பிடித்த பிறகு சுமார் 9 மீட்டரில் நின்றுவிடும். ஐஸில் டயரின் பிடிப்பு ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். அதே வண்டி 60 மீட்டருக்கு மேல் போகும், அதுவும் விழாமல் இருந்தால். 20 கிலோமீட்டர் வேகத்திலும் 16 மீட்டர். ஏபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். ஏபிஎஸ் சக்கரத்தைப் பூட்டவிடாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். ரோட்டில் இல்லாத பிடிப்பை அதனால் எங்கிருந்து கொண்டுவர முடியும்?

குரூப்பில் சாதாரணமாக நாம் கடைப்பிடிப்பது இரண்டு விநாடி இடைவெளி, இடம் வலமாக மாறி மாறி வரிசை. ஜிடி ரோட்டில் கர்னால் வரை அது அருமையான ஏற்பாடு. 20 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி என்றால் 11 மீட்டர். நிற்கத் தேவையானது 16. முன்னால் இருப்பவன் விழுந்தால் பின்னால் வருபவன் அவன் மேல் ஏறுவது விதி இல்லை, பெருக்கல் கணக்கு. ஐஸில் மாறி மாறி வரிசையும் வேண்டாம். வண்டிகள் போய்ப் போய்த் தார் தெரிகிற ஒரே ஒரு தடம்தான் இருக்கும், எல்லோரும் அதில்தான் போக வேண்டும்.

இடைவெளியைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. கடைசியில் இருப்பவருக்குத்தான் அது தெரியும். முதல் வண்டி வளைவில் 15-க்குக் குறைத்து, தாண்டியதும் வெயில் ரோட்டைப் பார்த்து 40-க்குப் போகிறது. அவன் செய்வது அவனளவில் சரிதான். ஆனால் ஆறாவது வண்டி இன்னும் நிழலுக்குள் இருக்கிறது. முன்னால் எல்லோரும் ஓடுவதைப் பார்த்ததும் அவன் மணிக்கட்டு தானாகத் திரும்புகிறது. தன் ரோட்டைப் பார்த்து ஓட்டாமல் முன்னால் போகிறவனின் ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறான். தனியாக வந்திருந்தால் அந்த இடத்தில் எந்தப் பையனும் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டிருக்க மாட்டான். கூட்டம்தான் தொடவைக்கிறது. "கவனமாகப் போங்க" என்று நூறு தடவை சொன்னாலும் இது மாறாது. முதல் வண்டி ஓட்டுபவன் தன் கண்ணாடியில் கடைசி வண்டியின் விளக்கைப் பார்த்த பிறகே வேகம் எடுக்க வேண்டும். இப்போது எங்கள் குரூப்பில் அதுதான் சட்டம். சந்தேகமான வளைவு என்றால் அதுவும் போதாது: ஒருவர் தாண்டிப் போய் நின்று "கிளியர்" என்று சொன்ன பிறகே அடுத்தவர். பத்து வண்டிக்கு இருபது நிமிஷம் ஆகும். ஆகட்டுமே. யாருக்கு ரயிலா போகிறது?

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்றால், சில வருஷங்களுக்கு முன் ஒரு ஜனவரி காலை, தியோக் தாண்டி ஒரு வளைவில். முதல் மூன்று வண்டிகள் ஐஸ் இருப்பதே தெரியாமல் போய்விட்டன. நான்காவது தம்பிக்கு ஏதோ மினுங்குவது தெரிந்தது, முன் பிரேக்கைத் தொட்டான். வண்டி தனியாக, ஆள் தனியாகப் போனார்கள். ஐந்தாவது ஆள் விலகப் பார்த்து விழுந்தான், ஆறாவது ஆள் பிரேக் பிடித்து விழுந்தான். மெதுவாகப் போனதால் எலும்பு தப்பியது. ஒருவனுக்கு முட்டியில் வீக்கம், ஒரு கிளட்ச் லீவர் முறிவு.

விழுந்ததைக்கூட விட்டுவிடுங்கள். அடுத்து நடந்ததுதான் என் வயிற்றைக் கலக்கியது. மிச்சப் பேர் எல்லோரும் ஓடிப்போய் நடு ரோட்டில் நின்று தூக்குகிறார்கள், ஒருவன் வீடியோ எடுக்கிறான். மேலே நார்கண்டா பக்கமிருந்து மூட்டை ஏற்றிய பிக்கப் ஒன்று இறங்கி வருகிறது. ஹெல்மெட் இன்டர்காமில் நான் கத்தியதைக் கேட்டு, முன்னால் போயிருந்த லீட் தம்பி வண்டியை விட்டுவிட்டு மேல் வளைவில் நின்று ஜாக்கெட்டைக் கழற்றி ஆட்டினான். பிக்கப் டிரைவர் மலைக்காரர், முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தார். அதனால் நின்றது. வெளியூர் கார் ஏதாவது வந்திருந்தால் நான் இந்தப் பதிவை எழுதுகிற மாதிரியே இருந்திருக்காது.

அதனால் விழுந்தால் முதல் வேலை வண்டியைத் தூக்குவது இல்லை. மனுஷர்கள் ரோட்டை விட்டு வெளியே வர வேண்டும், அதுவும் மலைச்சுவர்ப் பக்கமாக. வழுக்குகிற வண்டி வளைவின் வெளிப்பக்கம்தான் போகும். நீங்களும் அங்கே போய் நிற்காதீர்கள். முதல் ஆள் மேலே ஓட வேண்டும், கடைசி ஆள் கீழே ஓட வேண்டும், வரும் வண்டிகளை நிறுத்த. ஓட என்று சொல்லிவிட்டேன். நடக்கவே முடியாது, ஓரத்து மண்ணைப் பிடித்துப் போங்கள். பெட்ரோல் டேங்க்கில் கீறல் விழுந்திருக்கிறதா என்று அப்புறம் பார்க்கலாம்.

ஓட்டும் முறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஐஸ் தெரிவதற்கு முன்பே, உலர்ந்த ரோட்டிலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். ஐஸின் மேல் பிரேக், கிளட்ச், கியர் எதையும் திடீரென்று தொடக்கூடாது. சட்டென்று கியரை இறக்கினால் பின் சக்கரம் பிரேக் பிடித்தது மாதிரியே வழுக்கும், பிரேக் தொடவே இல்லையே என்று அப்புறம் அழுவார்கள். வண்டியைச் சாய்க்காமல் ஹேண்டிலைத் திருப்பி, வேண்டுமானால் இரண்டு காலையும் தொங்கவிட்டு ஊர்ந்து போகலாம். அழகாக இருக்காது. ரோட்டோரம் சாம்பலோ மணலோ தூவியிருந்தால் அதன் மேல் போங்கள். இறங்கும்போது எல்லாமே இரட்டிப்புக் கஷ்டம். கரோல் பாகில் வாங்கிய பட்டன் டயரை நம்பி வருகிறவர்கள் கவனிக்க: பெரிய கட்டை உள்ள டயர் சேற்றில் கடிக்கும், ஐஸைக் கடிக்காது. ஃபின்லாந்து மாதிரி ஊர்களில் ஆணி பதித்த டயர் போடுகிறார்கள், அது வேறு கதை.

டயர் காற்றைப் பற்றி ஒரு தணிக்கைக்காரியின் சந்தோஷம். தில்லியில் 20 டிகிரியில் 33 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு, பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் நார்கண்டா போனால் குளிரால் மூன்றரை பிஎஸ்ஐ அளவுக்குக் குறைய வேண்டும். ஆனால் 2,700 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்திருப்பதால் கேஜில் பழைய எண்ணே காட்டும். வரவும் செலவும் நேர். மலையில் காற்றை இறக்க வேண்டும், ஏற்ற வேண்டும் என்று டீக்கடையில் சண்டை போடுகிறவர்கள் வேறு தலைப்பு எடுத்துக்கொள்ளலாம்.

கை விறைப்பது தனி ஆபத்து. பூஜ்யம் டிகிரியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் உடம்புக்கு அது மைனஸ் 9 மாதிரி இருக்கும். விறைத்த விரலுக்கு லீவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. மென்மையாகப் பிடி என்று சொல்வதெல்லாம் உணர்ச்சியுள்ள கைக்குத்தான். கிளவுஸுக்குள் மெல்லிய டாக்டர் கையுறை ஒன்று போட்டுப் பாருங்கள், காற்று ஏறாது. யாராவது "கை போச்சு" என்று சொன்னால் குரூப் முழுக்க நிற்க வேண்டும். சொல்ல வெட்கப்படுகிறவன்தான் அதிகம். அதனால் நானே அரைமணிக்கு ஒருமுறை "எனக்குக் குளிருது, நிறுத்துங்கப்பா" என்பேன். பாதி நேரம் எனக்குக் குளிரவே இருக்காது. குளிரில் இன்டர்காம் பேட்டரியும் சீக்கிரம் இறங்கிவிடும். கைச்சைகைகளைக் கிளம்பும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்குப் போகும் முன்பே தில்லியின் மூடுபனி இருக்கிறது. மலை மந்திர் முருகன் கோயில் வாசலில் காலை நான்கு மணிக்குக் கூடி, முர்தல் தாபா பராத்தாவுக்குப் போய்ச் சேரும் வழக்கத்தை டிசம்பர், ஜனவரியில் நான் நிறுத்திவிட்டேன். பானிப்பட் பக்கம் விடியற்காலையில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. பின்னால் வரும் லாரிக்கு நாம் பத்து பேரும் ஒரே ஒரு மங்கலான சிவப்புப் புள்ளி. முதல் நாள் பதினொரு மணிக்குக் கிளம்பி சோலனில் தங்குவோம். மறுநாள் வெயில் ஏறிய பிறகு மேலே போய், மூன்று மணிக்குள் நிழல் வளைவுகளைத் தாண்டி ரூமுக்குள் போய்விடுவோம். "இதுக்கு எதுக்கு அக்கா பைக்?" என்று ஒரு தம்பி கேட்டான். பதில் சொல்லவில்லை.

இந்த வருஷம் புதுக் கோரிக்கை, மணாலி தாண்டி அடல் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிஸ்ஸு. அடல் சுரங்கம் திறந்த 2020 அக்டோபரிலிருந்தே இந்த ஆசை பையன்களுக்கு. 9 கிலோமீட்டர் சுரங்கம், 3,000 மீட்டருக்கு மேல். மணாலிப் பக்க வாயிலில் ரோடு உலர்ந்திருக்கலாம், உள்ளேயும் உலர்ந்திருக்கும், கை நன்றாக வேகம் பழகியிருக்கும். அந்தப் பக்கம் லாஹௌலில் வெளியே வந்தால் வெள்ளை வெளிச்சம் கண்ணை அடைக்கும், டயருக்குக் கீழே ஐஸ் இருக்கும். பத்து வண்டி வரிசையாக உள்ளிருந்து வெளியே வருவதை நினைத்துப் பாருங்கள். பனி பெய்த நாட்களில் நான்கு சக்கரமும் இழுக்கிற 4x4 வண்டியோ சக்கரத்தில் சங்கிலியோ இல்லாமல் போலீஸே விடுவதில்லை, டூவீலரைக் கீழேயே திருப்பி விடுவார்கள்.

ஏப்ரலில் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு குரூப்பில் சேர்ந்துவிட்டார்கள். நார்கண்டா, ஜனவரி மூன்றாம் வாரம், வானிலை பார்த்துத்தான். கடைசி வண்டி விளக்குக்குக் காத்திருக்கச் சம்மதம் என்றால் மட்டும் பெயர் கொடுங்கள். லீட் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஒரு நாள் என்னோடு பின்னால் வர வேண்டும்.