வைரஸைக் கண்டுபிடிக்கும் செல்லுக்குள் வைரஸை அனுப்பும் வேலை

நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு ஜீனை அடக்கிவிட்டு என்ன மாறுகிறது என்று பார்ப்பதுதான் சில வருடங்களாக என் வேலை. அடக்கும் ஆர்.என்.ஏ.வை உள்ளே கொண்டுபோக, எச்.ஐ.வி. சேர்ந்த வைரஸ் குடும்பமான லென்டிவைரஸ் வேண்டும். ஆனால் அது போய்ச் சேரும் நோய் எதிர்ப்புச் செல்லான மேக்ரோபேஜோ டென்ட்ரைட்டிக் செல்லோ, வைரஸ் வந்தால் உடனே கண்டுபிடித்து ஊரைக் கூட்டுவதற்கென்றே இருக்கும் செல். இந்தத் துறையின் தலைவலி முழுவதும் இதிலிருந்துதான் வருகிறது.

கருவியின் கதை சுருக்கமானது. பிரிந்து பெருகாத செல்களுக்குள்ளும் லென்டிவைரஸ் ஜீனைக் கொண்டுசேர்க்கும் என்று 1996-இல் நால்டினி, வெர்மா, ட்ரோனோ குழு காட்டியது. இரட்டை இழை ஆர்.என்.ஏ. ஒரு ஜீனை அடக்கும் என்பதை 1998-இல் ஃபயரும் மெல்லோவும் புழுவில் காட்டி, 2006-இல் நோபல் வாங்கினார்கள். இரண்டையும் சேர்த்தால் எங்கள் வேலை. எச்.ஐ.வி.யிலிருந்து பெருகத் தேவையானதையெல்லாம் நீக்கி, மிச்சத்தைத் தனித்தனி பிளாஸ்மிட்களில் (சிறு டி.என்.ஏ. வளையங்களில்) பிரித்து வைத்திருக்கிறார்கள். அவற்றை ஆய்வகத்தில் வளர்க்கும் 293டி என்ற மனித செல்களில் போட்டால் 48, 72 மணி நேரத்தில் மீடியத்தில் வைரஸ் வந்துவிடும், வடிகட்டிச் செறிவாக்கி மைனஸ் 80 டிகிரியில் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம்தான் கஷ்டம். வைரஸின் மேல் நாம் போர்த்தும் விஎஸ்வி-ஜி என்ற வேறொரு வைரஸின் புரதம், செல்லின் மேலுள்ள எல்டிஎல் ரிசெப்டரைப் பிடித்துத்தான் உள்ளே போகிறது, ஓய்வில் இருக்கும் டி செல்லில் (அதுவும் ஒரு நோய் எதிர்ப்புச் செல்) அந்த ரிசெப்டர் குறைவு. அதனால் அதன் மேலுள்ள சிடி3, சிடி28 புரதங்கள் வழியாக செல்லைத் தூண்டுகிறோம். தூண்டிய டி செல் வேறு ஆள், அந்த ஜீன் ஓய்வு நிலையில் என்ன செய்கிறது என்ற கேள்வி அங்கேயே கைநழுவிப் போகிறது. டென்ட்ரைட்டிக் செல்லில் இன்னும் மோசம். சாம்ஹெச்டி1 என்ற புரதம் டி.என்.ஏ. கட்டத் தேவையான மூலப்பொருளையே உடைத்துவிடுவதால் வைரஸ் பாதியில் நின்றுவிடுகிறது, 2011-இல் இது தெரியவந்தது. எச்.ஐ.வி.-2 வகையின் விபிஎக்ஸ் புரதத்தைக் கூட அனுப்பினால் சாம்ஹெச்டி1 அழிந்து வழி திறக்கும். சரி, ஆனால் ஒரு ஜீனை அடக்கப் போய் அதற்கு முன்பே வேறொரு புரதத்தைக் காலி செய்துவிட்டோம், அந்தச் செல் வைரஸ் எச்சரிக்கைப் புரதமான இன்டர்ஃபெரானைச் சுரக்கவும் தயாராகிவிடுகிறது.

எங்கள் கூட்டங்களில் யாராவது ஒரு கிராஃப் காட்டும்போது, ஜீன் குறைந்திருக்கிறது, அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் புரதம் குறைந்திருக்கிறது என்று எல்லோரும் மகிழ்ந்தாலும் என் கண் முதலில் கன்ட்ரோலைத்தான், அதாவது ஒப்பிடுவதற்கான செல்லைத்தான் தேடும். எந்த ஜீனையும் குறிவைக்காத ஆர்.என்.ஏ.வைச் சுமந்த வைரஸ், அதே அளவில் போட்ட செல் எங்கே? வைரஸே படாத செல்லோடு மட்டும் ஒப்பிட்டால் நாம் அளப்பது ஜீனையா வைரஸையா என்று சொல்லவே முடியாது. அடுத்தது, ஒரே ஜீனின் வெவ்வேறு இடங்களைக் குறிவைக்கும் இரண்டு மூன்று ஆர்.என்.ஏ. வேண்டும், ஏனென்றால் அடக்கும் ஆர்.என்.ஏ.வின் முனையில் உள்ள ஏழெட்டு எழுத்து பொருந்தினாலே சம்பந்தமில்லாத ஜீன்களும் கொஞ்சம் அடங்கும். நம் ஆர்.என்.ஏ.வால் தொட முடியாதபடி எழுத்து மாற்றிய ஜீனைத் திரும்பக் கொடுத்து பழைய நிலை வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நோய் எதிர்ப்புச் செல்களிலாவது அதை விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ரத்த வங்கியிலிருந்து வரும் செல்களில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வேறு. ஒருவருடைய மேக்ரோபேஜ் சும்மா இருக்கும் அதே வைரஸுக்கு இன்னொருவருடையது கொதித்து எழும். அதனால் ஒவ்வொரு கொடையாளியையும் அவருடைய கன்ட்ரோலோடுதான் ஒப்பிட வேண்டும், எல்லோரையும் கூட்டிச் சராசரி எடுத்தால் உண்மை அதில் கரைந்துவிடும்.

இப்போது டி.என்.ஏ.வை வெட்டும் காஸ்9 புரதத்தையும் அதற்கு இடம் காட்டும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வையும் மின்துடிப்பு கொடுத்து நேரடியாகச் செலுத்தி, வைரஸே இல்லாமல் ஜீனை வெட்ட முடிகிறது. டி செல்களுக்கு அது பெரிய நிம்மதி, முடிந்த இடத்தில் நானும் அதையே சொல்கிறேன். ஆனால் முழுதாகப் போனால் செல்லே செத்துவிடும் ஜீன்கள் இருக்கின்றன, அவற்றைக் கொஞ்சம் குறைத்துத்தான் பார்க்க முடியும், அங்கே பழைய வழிதான். அதற்கு இப்போது டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைக் கொடுத்தால் மட்டும் அடக்கும் ஆர்.என்.ஏ. உருவாகும் வெக்டரை (ஜீனைச் சுமக்கும் வைரஸை) எடுக்கிறோம். இரண்டு பக்கமும் ஒரே வைரஸ், ஒரே அளவு, மருந்து மட்டும்தான் வித்தியாசம். டாக்ஸிசைக்ளினும் செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவைத் தொந்தரவு செய்யும் என்பதால் அதற்கும் தனியாக ஒரு கன்ட்ரோல் வைக்கிறோம்.