ரிலாக்ஸர் போட்ட முடியில் தயோ போடாதீர்கள்

சுருட்டை முடியை நேராக்கும் க்ரீம்கள் எல்லாம் ஒரே வகை இல்லை: தயோ (தயோகிளைகோலேட்) ஒன்று, ரிலாக்ஸர் இன்னொன்று. பார்லரில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

முடியின் பெரும்பகுதி கெரட்டின் என்ற புரதம். தலைக்குக் குளித்தால் சுருள் தளர்ந்து, காய்ந்ததும் திரும்பி வருகிறதே, அது ஹைட்ரஜன் பிணைப்புகளின் வேலை. தண்ணீர் பட்டாலே அவை விட்டுவிடும். ஆனால் புரதச் சங்கிலிகளை இறுக்கிப் பிடித்திருக்கும், இரண்டு கந்தக அணுக்கள் சேர்ந்த கந்தகப் பிணைப்பு அப்படி லேசில் விடாது. தயோகிளைகோலேட் க்ரீம் அதை உடைக்கும், அப்புறம் நியூட்ரலைசரில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு பெரும்பாலானவற்றை மறுபடி சேர்த்துவிடும். சோடியம் ஹைட்ராக்சைடு ரிலாக்ஸர் கதையே வேறு: காரத்தன்மை மிக அதிகம், பிஎச் 13 வரை போகும், அந்த இரண்டு கந்தக அணுக்களில் ஒன்றையே பிடுங்கிவிட்டு லாந்தியோனைன் என்ற புதுப் பிணைப்பை உண்டாக்கிவிடும். அது பழைய நிலைக்குத் திரும்பாது. அதன் மேல் தயோ போட்டால் முடி கையோடு அறுந்து வரும்.

முன்னால் என்ன போட்டார்கள் என்று வாடிக்கையாளரிடம் கேளுங்கள். ஈரமான ஒரு முடியை மெல்ல இழுத்தும் பாருங்கள். நல்ல முடி நீண்டு திரும்பச் சுருங்கும், கெட்டுப்போனது சூயிங்கம் மாதிரி இழுபட்டு அறும். அப்படி அறுந்தால், அன்றைக்கு எந்த ரசாயனமும் வேண்டாம்.