விவியேயில் கேட்ட அரை மணி நேரம்

விவியேயில் இன்னும் அரை மணி நேரம் இருந்துவிட்டு வருகிறேன் என்ற பயணி அம்மாவிடம் நான் முடியாது என்று சொன்னது சரிதானா என்பதில் எனக்கு இன்னும் ஒரு முடிவு கிடைக்கவில்லை. வேலை முறைப்படி பார்த்தால் அதில் யோசிக்க ஒன்றுமே கிடையாது. கேப்டனும் அதைத்தான் சொன்னார், மேலாளரும் அதைத்தான் சொன்னார். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை, அந்த அம்மாவும் சொல்லவில்லை. ஒருவேளை அவர் கோபப்பட்டிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

பிரான்சில் ரோன் ஆற்றில் ஓடும் சுற்றுலாக் கப்பல்களில் வேலை பார்த்தவர்களுக்கு விவியே தெரிந்த ஊர்தான். லியோனில் இருந்து தெற்கே இறங்கும்போது வியென், தூர்னோன் எல்லாம் தாண்டி, க்ரூவாஸ் அணுமின் நிலையத்தின் கோபுரத்தில் வரைந்திருக்கும் பெரிய குழந்தைப் படத்தை எல்லோரும் போட்டோ எடுத்து முடித்த கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். நாலாயிரம் பேர்கூட இல்லாத ஊர். படித்துறையில் இருந்து மரங்கள் வரிசை கட்டி நிற்கும் சாலை, அப்புறம் குறுகிய தெருக்கள், அப்புறம் கல் பதித்த ஏற்றம். பாறை மேட்டில் சேன் வின்சென்ட் கதீட்ரல். 1119இல் போப் இரண்டாம் கலிக்ஸ்டஸ் அர்ச்சித்த கோயில், பிரான்சின் மிகச் சிறிய கதீட்ரல்களில் ஒன்று.

அன்று மெதுநடைக் குழுவுக்கு நான்தான் கடைசி ஆள். உள்ளூர் வழிகாட்டி முன்னால் பேசிக்கொண்டு போவார். அவர் குரல் பயணிகளின் காதுக்கருவியில் கேட்கும். பின்தங்குகிறவர்களோடு நடப்பது, யாரும் விடுபடாமல் கப்பலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு. எல்லோரும் எண்பதை ஒட்டியவர்கள். பாதிப் பேர் கையில் ஊன்றுகோல். உப்பு வியாபாரத்தில் பணக்காரரான நோயல் அல்பேர் 16ஆம் நூற்றாண்டில் கட்டிய வீட்டு முகப்பின் முன்னால் நின்றோம். ஜன்னல்களைச் சுற்றி முகங்கள், குதிரை வீரர்கள் என்று கல்லிலேயே செதுக்கியிருப்பார்கள். மதச் சண்டைக் காலத்தில் புராட்டஸ்டண்ட் பக்கம் நின்ற அந்த மனிதர் கடைசியில் மரண தண்டனை பெற்றார். வழிகாட்டி இதைச் சொல்லி முடித்ததும் மற்றவர்கள் நகர்ந்துவிட்டார்கள். அந்த அம்மா மட்டும் ஒரு குதிரையின் காலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். அவசரப்படுத்தவில்லை.

மேலே போனதும் கதீட்ரலுக்குள் பார்த்துவிட்டு, ஆற்றைப் பார்த்த மேடைக்கு வந்தோம். 2019 நவம்பர் 11 அன்று பக்கத்து ஊரான லு தெய்லில் வந்த நிலநடுக்கம் விவியேயையும் எப்படி உலுக்கியது என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தார். கீழே ஓட்டுக் கூரைகள், அதைத் தாண்டி ஆறு, ஆற்றோரம் எங்கள் கப்பல். மணி நாலு ஆகப் போகிறது. நாலே முக்காலுக்கு எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டும், ஐந்துக்குப் புறப்பாடு. கிளம்பலாம் என்றேன். அந்த அம்மா கல் பெஞ்சில் இருந்து எழவில்லை. காதுக்கருவியைக் கழற்றினார். ஒயரை அதன் மேல் பொறுமையாகச் சுற்றி என் கையில் கொடுத்தார்.

“நீங்கள் போங்கள். நான் இன்னும் அரை மணி நேரம் இங்கே இருந்துவிட்டு வருகிறேன்.”

“மேடம், திரும்ப நேரமாகிவிட்டது.”

“கப்பல் இங்கிருந்தே தெரிகிறது. வழியும் ஒரே வழிதான். வந்துவிடுவேன்.”

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஏறி வர அவருக்கு அரை மணிக்கு மேல் ஆகியிருந்தது. அந்தச் சரிவில் இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம், கற்கள் வழுவழுவென்று தேய்ந்து கிடக்கின்றன. நாலரைக்கு எழுந்தால் ஐந்து மணி. அதுவும் தனியாக. கூடவே நான் இருக்கலாம் என்றால் கீழே இறங்க வேண்டிய மற்றவர்கள் இருக்கிறார்கள். இதையெல்லாம் அவரிடம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“அவசரம் உங்களுக்கா, கப்பலுக்கா?”

“கப்பலுக்கு, மேடம்.”

“நிதானமாகப் பார்க்கலாம் என்று சொல்லித்தான் இந்தப் பயணத்தை எனக்கு விற்றார்கள்” என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. ஒரு தகவலைச் சொல்வதைப்போல் சொன்னார். அப்புறம் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். இறங்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வழியில் இரண்டு இடத்தில் கால் சறுக்கியது. நான் முடியாது என்று சொன்னது நியாயம்தான் என்று அந்த இரண்டு இடத்திலும் எனக்குத் தோன்றியது.

நாலே முக்காலுக்கு முன்பே கப்பலுக்கு வந்தோம். வெளியே போகும்போது எடுத்துப்போன எல்லோருடைய அட்டையும் ரிசப்ஷன் பலகைக்குத் திரும்பிவிட்டது. ஆனால் ஐந்து மணிக்குக் கப்பல் புறப்படவில்லை. காற்று எழும்பிவிட்டது. வடக்கில் இருந்து பள்ளத்தாக்கு வழியாக இறங்கும் மிஸ்ட்ரால். விவியேயைத் தாண்டியதும் தோன்சேர் மலையிடுக்கு, அங்கே காற்று இன்னும் நெருக்கி அடிக்கும். அதற்கு அப்புறம் பொலேன் லாக். 1952இல் திறந்த அணைக்கட்டில் இருக்கும் நீர்த்தொட்டி அது, தண்ணீரை வடித்துக் கப்பலை ஏறக்குறைய 23 மீட்டர் கீழே இறக்கும். அந்தத் தொட்டியின் அகலம் 12 மீட்டர், எங்கள் கப்பலின் அகலம் 11.4. பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர்தான் இடம். 135 மீட்டர் நீளக் கப்பலின் பக்கவாட்டில் காற்று மோதினால் கப்பல் முழுவதுமே பாய்மரம் மாதிரிதான். கொஞ்சம் தணியட்டும் என்று கேப்டன் சொல்லிவிட்டார். ஆறு மணி தாண்டித்தான் கயிறு அவிழ்த்தோம்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த அம்மா லவுஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து கதீட்ரல் கோபுரம் தெரியும். நான் பானத் தட்டோடு அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். நன்றி என்றார்.

இந்த இடத்தில்தான் நான் சுற்றிச் சுற்றி வருகிறேன். கப்பல் தாமதமாகும் என்று நாலு மணிக்கு யாருக்கும் தெரியாது, அதனால் அந்தத் தாமதத்தை வைத்து என் முடிவை எடைபோட முடியாது. இது எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் அதே காற்றைத்தான் நான் எனக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொண்டேன். மறுநாள் அவரிடமே சொன்னேன், “நேற்று எப்படிக் காற்று அடித்தது பார்த்தீர்களா? நல்லவேளை மேலே இருக்கவில்லை” என்று. அவர் ஆமாம் என்றார். காற்றுக்காக நான் அவரை எழுப்பவில்லையே. நாலு மணிக்கு ஓர் இலைகூட அசையவில்லை. தாமதம் கணக்கில் வராது என்றால் காற்றும் வரக்கூடாது. இரண்டையும் எடுத்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது ஒரு ஊன்றுகோல், ஒரு சரிவு, நாலே முக்கால் என்ற ஒரு நேரம். அது மட்டும் போதுமா? போதும் என்று சில நாள் தோன்றுகிறது.

அந்த நேரம் யாரோ வேண்டுமென்று வைத்த நேரமும் இல்லை. இரவில் கப்பல் ஓடினால்தான் காலையில் பயணிகள் அவிஞோனில் கண் விழிக்க முடியும். அங்கே படித்துறையில் இடம் முன்கூட்டியே வாங்கியது. தவறினால் இன்னொரு கப்பலின் பக்கத்தில் அணைத்துக் கட்ட வேண்டும், பயணிகள் அந்தக் கப்பலின் ரிசப்ஷன் வழியாக நடந்து கரையேற வேண்டும். போன் தூ கார் போக பஸ் சொல்லிவைத்தது. ரோமானியர்கள் நீம் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோன, 49 மீட்டர் உயர மூன்றடுக்குப் பாலம். டிரைவருக்கும் வேலை நேர வரம்பு உண்டு. ஏழு மணிச் சாப்பாடு, சாப்பாட்டு நேரத்துக்குள் கேபின்களை ஒழுங்குபடுத்தும் பெண்கள், அவர்கள் தூங்கப் போகும் நேரம். ஒரு அரை மணி நேரத்தைப் பிடித்து இழுத்தால் அது இவர்கள் எல்லோர் மேலும்தான் போய் விழும். பயணிகள் நிதானமாக இருப்பதற்காகத்தான் நாங்கள் இவ்வளவு ஓடுகிறோம். இந்த வேலையை நான் நேசிக்கிறேன். அந்த ஓட்டம் பயணிக்குத் தெரியாமல் இருந்தால் வேலை நன்றாக நடக்கிறது என்று அர்த்தம். அன்று அந்த அம்மாவுக்கு அது தெரிந்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. ஏன் உட்கார வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இறந்துபோன கணவரோடு எப்போதோ இங்கே வந்திருந்தேன் என்றோ, கோயிலில் ஒரு வேண்டுதல் என்றோ சொல்லியிருந்தால் நான் நிச்சயம் கேப்டனுக்குப் போன் செய்திருப்பேன். ரிசப்ஷனில் இருந்து ஒரு ஆளை மேலே அனுப்பக் கேட்டிருப்பேன். கிடைத்திருக்காமல் போகலாம், ஆனாலும் கேட்டிருப்பேன். சும்மா உட்கார்ந்து ஒரு ஊரைப் பார்க்க ஆசை என்பதற்காக எனக்குப் போனை எடுக்கத் தோன்றவில்லை. அரை மணி நேரம் கிடைக்க ஒருவருக்குத் துக்கம் இருந்தாக வேண்டுமா? இந்தக் கேள்வியை நான் மேலாளரிடம் கேட்டேன். பயணிகள் எல்லோரும் சும்மா உட்காரத்தான் வருகிறார்கள், அதற்குத்தான் மேல்தளத்தில் நாற்காலி போட்டிருக்கிறோம் என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை.

அவிஞோனில் அந்த அம்மா இறங்கவில்லை. 1309 முதல் 1377 வரை போப்புகள் இருந்த அரண்மனை, அதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் இந்தப் பயணத்துக்கே வருகிறார்கள். 22 வளைவுகளில் நாலு மட்டும் மிஞ்சிய சேன் பெனேசே பாலம் கண்ணுக்கு எதிரே நிற்கிறது. உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டேன். “நேற்றைய ஊரையே நான் இன்னும் முடிக்கவில்லை. அதற்குள் இன்னொன்றா?” என்றார். காபி கேட்டார், கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் ஆர்லில் இறங்கினார், எல்லோரோடும் அரங்கத்தைப் பார்த்தார், நேரத்துக்குத் திரும்பினார். பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை.

கப்பலில் தமிழ் பேச எனக்கு ஒரே ஆள் சமையலறையில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன். இரவு வேலை முடிந்து அவர் கத்திகளைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னேன்.

“விட்டிட்டு வந்து அந்த மனிசி விழுந்திருந்தா ஆர் தம்பி பதில் சொல்லுறது? நீ செய்ததுதான் சரி.”

சரி என்று எழுந்தேன். கதவு வரை போனவனை மறுபடி கூப்பிட்டார்.

“ஆனா தம்பி, தன்ர கால் தனக்குத் தெரியாதே அந்த மனிசிக்கு? எண்பது வருசமா நடந்த காலெல்லோ?”

“அப்போ விட்டிருக்கணும்னு சொல்றீங்களா அண்ணே?”

“நான் அப்பிடிச் சொல்லேல்ல” என்றார்.

அதற்கு மேல் அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. முடிவு எடுக்கும் இடத்தில் நான் நின்றேன், எடுத்தேன். மறுபடி அதே மணி, அதே சரிவு, அதே ஊன்றுகோல் என்றால் மறுபடியும் முடியாது என்றுதான் சொல்வேன் என நினைக்கிறேன். ஆனால் ஒன்றுமே மாறவில்லை என்றும் சொல்ல முடியாது. விவியே மேட்டில் இப்போதெல்லாம், “என்னோடு இறங்க விரும்புகிறவர்கள் வரலாம், மற்றவர்கள் இருந்து பார்த்துவிட்டு நாலே முக்காலுக்குள் கப்பலுக்கு வந்துவிடுங்கள்” என்று சொல்கிறேன். மேலாளரிடம் அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன். நிறையப் பேர் இருந்து பார்க்கிறார்கள், வந்ததும் சந்தோஷமாகச் சொல்கிறார்கள். ஊன்றுகோலோடு வருகிறவர்களிடம் மட்டும் நான் அதைச் சொல்வதில்லை. அவர்களை என்னோடு கூட்டிக்கொண்டுதான் இறங்குகிறேன்.