“தானா போயிடும் ஐயா”

இருதயப் பிரிவில் இரவுப் பணி பார்த்த நர்ஸ்கள் எல்லோரும் இந்த வாக்கியத்தைச் சொல்லியிருப்பார்கள். சிறுநீர்க் குழாய் போட்ட நோயாளி “ஒண்ணுக்கு வருது”ன்னு சொன்னால் நம் வாயில் தானாகவே வரும் பதில்: “ட்யூப் போட்டிருக்கோம் ஐயா, தானா போயிடும்.” பெரும்பாலும் அது உண்மையும்கூட. குழாய் நழுவாமல் உள்ளே பிடித்துவைக்கும் பலூன் அழுத்துவதால், சிறுநீர்ப்பை காலியாக இருந்தாலும் முட்டுகிற மாதிரிதான் இருக்கும்.

அன்றைக்கு அந்தப் பெரியவருக்கும் நான் இதைத்தான் சொன்னேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

இரவு ஒரு மணிக்கு வந்தார். நுரையீரலில் நீர் கோத்து, படுக்க முடியாமல், வாயோரம் இளஞ்சிவப்பு நுரை. பிரஷர் 190, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 78. உறவுக்காரர் கல்யாணத்துக்கு ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டும் என்று மூன்று நாளாக நீர் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சம். விருந்தில் அப்பளம், ஊறுகாய் வேறு. இது அவர் மனைவி அப்புறம் சொன்னது.

காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்தோம். நீரை வெளியேற்றும் லேசிக்ஸ் ஊசி 40 மில்லிகிராம் நரம்பில் போட்டு, பிரஷரைக் குறைக்கும் நைட்ரோகிளிசரினைப் பம்ப்பில் ஓட்டி, அழுத்தத்தோடு காற்றைத் தரும் பைபேப் மாஸ்க்கை மாட்டினோம். குழாய் போட்டதும் பையில் 150 மில்லி வந்தது. சாச்சுரேஷன் 90ஐத் தாண்டியதும் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்து, தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தினேன். அது ஒன்றே முக்கால் மணி இருக்கும்.

இரண்டேகாலுக்கு மாஸ்க்கைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார். காற்றின் இரைச்சலில் பாதிதான் கேட்டது. “ஒண்ணுக்கு…” என்றார், விரலால் கீழே காட்டினார். என் பதிலைச் சொன்னேன். திரும்பவும் இழுத்தார். நோயாளி திடீரென்று முரண்டு பிடித்தால் மூளைக்கு ஆக்சிஜன் போதவில்லை என்றுதான் முதலில் நினைக்கவேண்டும் என்று படித்திருக்கிறேன். அப்படித்தான் நினைத்தேன். மாஸ்க்கைக் கழற்றினால் மறுபடி 78க்குப் போய்விடுவார், அப்புறம் வென்டிலேட்டர்தான். அதனால் துணிச்சுருளால் இரண்டு கைகளையும் கட்டில் கம்பியில் கட்டினேன். டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் கட்டினேன்.

பையில் ஒரு சொட்டுகூடக் கூடவில்லை. “அவுட்புட் இல்லை சார், யூரினே வரலை” என்று சொன்னேன். பிரஷர் ஏறுகிறது, துடிப்பு 130. லேசிக்ஸ் பிடிக்கவில்லை என்று டாக்டர் இன்னொரு 80 போடச் சொன்னார். நானே போட்டேன்.

மூன்று மணிக்கு மேல், கீழே சரிந்திருந்தவரை மேலே இழுத்து உட்காரவைக்க ஆயாம்மாவைக் கூப்பிட்டேன். அவர்தான் தொடையைத் தூக்கியவுடன் சொன்னார்: “சிஸ்டர், ட்யூப் மடங்கிக் கெடக்குது பாருங்க.” கம்பிக்கும் தொடைக்கும் நடுவில் குழாய் நசுங்கிக் கிடந்தது. நான் காலைத் தூக்கி வைத்தபோது மாட்டியிருக்கவேண்டும். நிமிர்த்தியதும் பத்து நிமிடத்தில் 900 மில்லி. துடிப்பு 130லிருந்து 104க்கு இறங்கியது, பிரஷரும் இறங்கியது. சிறுநீர்ப்பை அப்படி வீங்கினாலே பிரஷரும் துடிப்பும் ஏறும். நாங்கள் இருதயம் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததில் எவ்வளவு இருதயம், எவ்வளவு அந்த நசுங்கிய குழாய்?

டாக்டரிடம் உடனே சொல்லிவிட்டேன். சார்ட்டில் மட்டும் ‘3.10, 900 மி.லி.’ என்று எழுதினேன். அதற்கு மேலே இருந்த பூஜ்யத்தை அப்படியே விட்டேன். இரண்டுமே பொய் இல்லை. ஆனால் அந்தப் பூஜ்யம் ஏன் வந்தது என்று அந்தத் தாளைப் படிக்கிறவருக்கு எந்தக் காலத்திலும் தெரியாது. காலையில் ரத்தத்தில் பொட்டாசியம் 3.1க்கு இறங்கியிருந்தது; லேசிக்ஸ் கூடினால் இறங்கும் உப்பு அது. சரிசெய்தார்கள்.

அன்று என்னிடம் நான்கு நோயாளிகள். பக்கத்துக் கட்டிலில் பேஸ்மேக்கர் போட்டவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். இதையெல்லாம் எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். எல்லாமே உண்மைதான். ஆனால் குனிந்து குழாயைப் பார்க்க ஐந்து விநாடி போதும். அந்த ஐந்து விநாடி என்னிடம் இருந்தது. அவர் சொன்னதும் எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததால்தான் அந்தப் பதிலைச் சொன்னேன். பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்ட மனிதர், கூச்சத்தை விட்டு என்னிடம் மூன்று தடவை சொன்னார். நான் கையைக் கட்டினேன்.

ஆறாவது நாள் வீட்டுக்குப் போனார். தினமும் காலையில் எடை பாருங்கள், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே வாருங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். “இனி விட மாட்டேன் தாயி” என்று கும்பிட்டார். மணிக்கட்டில் மெல்லிய கோடு இன்னும் இருந்தது. அந்த இரவு அவருக்கு நினைவிருக்கிறதா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

இப்போது புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதலில் குழாயைப் பார்க்கச் சொல்லித் தருகிறேன். மாஸ்க்கை மட்டும் கழற்றாதே என்றும் சொல்கிறேன். போன மாதம் ஒரு அம்மா அதே மாதிரி மாஸ்க்கை இழுத்தார். குழாயைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. இருந்தும் மாஸ்க்கைக் கழற்றி, “என்னம்மா சொல்றீங்க?” என்று காதைக் கொடுத்தேன். நாக்கு வறண்டிருக்கிறது என்றார். நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைத்துவிட்டு மாட்டுவதற்குள் சாச்சுரேஷன் 93லிருந்து 84க்கு வந்துவிட்டது. திரும்ப ஏற ஏழு நிமிடம் ஆனது.

“கழற்றக் கூடாதுன்னு நீங்கதானே அக்கா சொன்னீங்க?” என்று கேட்டாள் கூட இருந்த பெண். பதில் சொல்லாமல் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.