லாசருவுக்கு இரண்டு கல்லறைகள்

இயேசு மரணத்திலிருந்து எழுப்பிய லாசருவின் ஊர் பெத்தானியா. எருசலேமிலிருந்து அது ஏறக்குறைய இரண்டு மைல் தூரம் என்று யோவான் தன் சுவிசேஷத்தில் எழுதியிருக்கிறார். ஒலிவமலையின் கிழக்குச் சரிவில் இருக்கிற ஊர், அந்தக் காலத்தில் பேசிக்கொண்டே நடந்து போயிருப்பார்கள். இப்போது நடுவில் இஸ்ரேல் கட்டிய தடுப்புச் சுவர் நிற்கிறது, அதனால் பஸ் மாலே அதுமீம் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறது. பெத்லகேம், நாசரேத், கலிலேயாக் கடல் என்று பட்டியலே பெரிது என்பதால் லாசருவின் கல்லறையை விட்டுவிடுகிற குழுக்களும் உண்டு. எங்கள் பயணத் திட்டத்தில் அது கடைசி வரியாக இருந்தது, அந்தக் கடைசி வரிக்காகத்தான் நான் பணம் கட்டினேன்.

என் தம்பிக்குக் கணையத்தில் புற்றுநோய். தெரியவந்தபோதே பரவிவிட்டிருந்தது. உபவாச ஜெபம், சங்கிலி ஜெபம் எல்லாம் நடந்தது. சுகமாகிவிடுவான், கர்த்தர் எனக்குக் காட்டினார் என்று ஒருவர் வீட்டுக்கே வந்து அடித்துச் சொன்னார்; அடக்கம் முடிந்த பிறகு அதே மனிதர், உங்கள் விசுவாசத்தில் எங்கேயோ குறை இருந்திருக்கும் என்றார். மற்றவர்கள் நல்லவர்கள், கர்த்தருடைய சித்தம் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டது. அப்புறம் நான் ஆலயத்துக்குப் போவதை விட்டுவிட்டேன். அதுவரை இருந்த விசுவாசமும் பெரிதாக ஒன்றுமில்லை. ஞானஸ்நானம், ஞாயிறு ஆராதனை, பரீட்சைக்கு முன் ஒரு ஜெபம், அவ்வளவுதான்.

யோவான் 11-ஆம் அதிகாரம் மட்டும் என்னை விடவில்லை. தம்பியின் அடக்க ஆராதனையில் அதைத்தான் வாசித்தார்கள். நீர் நேசிக்கிறவன் வியாதியாயிருக்கிறான் என்று லாசருவின் சகோதரிகள் மார்த்தாளும் மரியாளும் இயேசுவுக்கு ஆள் அனுப்புகிறார்கள், செய்தி கிடைத்த பிறகும் இயேசு இருந்த இடத்திலேயே இன்னும் இரண்டு நாள் தங்குகிறார். அவர் வந்து சேர்கிறபோது லாசருவைக் கல்லறையில் வைத்து நாலு நாள் ஆகிவிட்டது. தேவனுடைய மகிமைக்காக என்று அதற்கு ஒரு காரணம் அங்கேயே சொல்லியிருக்கிறது, ஆனால் தம்பியைப் பறிகொடுத்த அக்காவுக்கு அது எப்படிப் போதும்?

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கெத்செமனேயில் 1924-இல் கட்டி முடித்த ஆலயம் இருக்கிறது, ஜன்னல்கள் ஊதா நிறம், பகலிலேயே உள்ளே இருட்டு. அழகுதான். பரிசுத்த கல்லறை ஆலயத்தில் நுழைந்ததும், இயேசுவின் சரீரத்தைக் கிடத்திச் சுகந்தவர்க்கமிட்டதன் நினைவாக ஒரு சிவந்த கல். சுற்றிலும் மக்கள் முழங்காலில். எண்ணெய் ஊற்றித் துணியால் துடைக்கிறார்கள், அந்தத் துணியைக் குழந்தையின் உடுப்பைப்போல மடித்து எடுத்துக்கொள்கிறார்கள். இப்போது இருக்கிற கல் 1810-இல் பதித்தது. அதைப் பற்றி அங்கே யாருக்கும் கவலை இல்லை, கவலைப்படவும் வேண்டாம். நானும் கைக்குட்டையை எடுத்தேன், ஏனோ திரும்ப வைத்துவிட்டேன். எனக்கு அங்கே ஒன்றுமே தோன்றவில்லை.

பெத்தானியாவுக்கு இன்றைய பெயர் அல் ஐசரியா, பாலஸ்தீனப் பகுதியில் இருக்கிறது. கெத்செமனே ஆலயத்தை வடிவமைத்த அந்தோனியோ பர்லூச்சிதான் இங்கேயும் 1950-களில் ஓர் ஆலயம் கட்டியிருக்கிறார். கல்லறை அதற்குச் சற்று மேலே, தெருவை ஒட்டிய ஒரு சின்ன வாசல். பழைய வாசல் பக்கத்து மசூதியின் பக்கம் இருந்ததாம், லாசருவை முஸ்லிம்களும் மதிக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் துறவிகள் பாறையைக் குடைந்து புதிதாக வழி செய்திருக்கிறார்கள். 24 படிகள், ஒன்றுபோல் ஒன்று இல்லை, தேய்ந்து வழுக்குகிறது. கீழே ஒரு சின்ன அறை, அங்கிருந்து குனிந்து, கிட்டத்தட்ட தவழ்ந்து, இன்னும் கீழே போனால் உடல் வைத்த இடம். நாலைந்து பேர் நின்றாலே மூச்சு முட்டுகிறது.

அங்கே வைத்து அந்த அதிகாரத்தை ஆளுக்குக் கொஞ்சமாக வாசித்தோம். “ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்” என்ற மார்த்தாளின் வார்த்தை என் முறைக்கு வந்தது. வாசித்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மரியாள் வந்து அதே வார்த்தையைச் சொல்கிறாள், அதை வேறொருவர் வாசித்தார். அப்போதுதான் உறைத்தது, இரண்டு பேரும் தனித்தனியாக வந்து ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள் என்றால், அந்த நாலு நாளும் அந்த வீட்டுக்குள் அக்காவும் தங்கையும் இதைத்தானே ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி மாய்ந்திருப்பார்கள்! எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. அந்தக் குற்றச்சாட்டை முகத்துக்கு நேராகக் கேட்ட இயேசு, உன் விசுவாசத்தில் குறை என்று சொல்லவில்லை. அழுகிறார். கொஞ்ச நேரத்தில் எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் அழுகிறார்.

மேலே வந்ததும் வழிகாட்டி ஒன்று சொன்னார். சைப்ரஸில் லார்னகா என்ற ஊரில் லாசருவுக்கு இன்னொரு கல்லறை இருக்கிறது. உயிரோடு எழுந்த பிறகு அங்கே போய்ப் பேராயராக இருந்து, அங்கேயே மரித்தார் என்பது கீழைத் திருச்சபையின் மரபு. 9-ஆம் நூற்றாண்டு ஆலயம் ஒன்று அந்தக் கல்லறைமேல் நிற்கிறது. மற்றவர்கள் போட்டோ எடுக்கப் போய்விட்டார்கள், நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கொடுக்காததை அந்தச் சகோதரிகளுக்கு மட்டும் கொடுத்தார் என்று இத்தனை நாளும் உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். அவர்களுக்குக் கிடைத்தது கொஞ்சம் கூடுதல் காலம். லாசருவும் மறுபடி மரித்தான், மார்த்தாளும் போனாள்.

வேதாகமத்தைத் திறந்து திரும்பப் பார்த்தேன். “நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்” என்று இயேசு சொல்கிறபோது கல் இன்னும் மூடித்தான் இருக்கிறது. இதை விசுவாசிக்கிறாயா என்று கேட்கிறார், ஆம் ஆண்டவரே என்கிறாள் மார்த்தாள். தம்பி அழுகிக்கொண்டிருக்கிற நேரத்தில் சொன்ன ஆம் அது. பிற்பாடு கல்லை எடுக்கச் சொன்னபோது, “இப்பொழுது நாறுமே” என்று தடுக்கிறவளும் அவளேதான். அந்த அளவு விசுவாசம் போதும் என்றால் என்னாலும் முடியும் என்று தோன்றியது. முதலில் நீர் ஏன் வரவில்லை என்று சண்டை போட்டேன், நன்றாகவே போட்டேன், பிறகு ஆம் என்றேன்.

திரும்பி வந்ததிலிருந்து ஆராதனைக்குப் போகிறேன். தம்பிக்குப் பிடித்த பாட்டு வந்தால் இன்னும் வெளியே எழுந்து போய்விடுவேன், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. சுகமளிக்கும் கூட்டங்களுக்கு யார் கூப்பிட்டாலும் போவதில்லை, அந்த முடிவில் எனக்கு மாற்றம் கிடையாது. துக்கம் குறைந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்ல முடிகிறது, அது முன்பு முடியாமல் இருந்தது.

அம்மா இன்னும் ஆலயத்துக்கு வருவதில்லை. பெத்தானியாவுக்குக் கூட்டிப்போகிறாயா என்று போன வாரம் அவராகவே கேட்டார். அந்த மூட்டுவலியோடு படி இறங்க முடியாது, கீழே கல் அறைக்குள் குனியவும் முடியாது. மேலே ஆலயத்தில் உட்கார்ந்திருக்கட்டும், அவர் இயேசுவிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.